தையலுக்குப் போகிறவர்கள்

எங்கள் வாசலில் இப்போது ஒரு பலகை இருக்கிறது. பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, என் தையல் கடைக்கு மேலே, புற்றுநோயாளர்கள் தங்கும் இடம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறது. தெருவில் போகிறவர்கள் படிக்கிறார்கள். சிலர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பலகை எழுதிய ஆள் காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்துவிட்டார். அந்தச் சொல்லை வெளியே எழுதலாம் என்று நாங்கள் ஒத்துக்கொள்ளத்தான் வருஷக்கணக்கில் பிடித்தது.

இந்த இடத்தை நடத்துகிற எங்கள் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்கிறார்கள். தலைவர் யார், செயலாளர் யார், யார் யார் படம் எந்தப் பக்கத்தில் என்று ஒரு பெரிய திட்டமே வைத்திருக்கிறார்கள். பெயர் போட்டு எழுதுகிற வரலாறு எனக்கு வராது. நான் வாய்க்காரி, என் வாயை அடைக்க யாராலும் முடியாது என்று கடைத்தெருவில் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் இந்தச் சங்கத்தில் பேச்சற்றுப்போய் நின்ற நேரங்களைத்தான் எழுத முடியும். எங்கள் வரலாறு என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதல் அதிர்ச்சி ஒரு ஜாக்கெட்டில் வந்தது. பக்கத்துத் துணிக்கடை முதலாளியை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அவருடைய மனைவி என் வாடிக்கைக்காரி. ஒருநாள் நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டையே திருப்பிக் கொண்டுவந்தார்.

"இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் பிரிச்சு விடுங்கோ. இறுக்கமா ஈக்கி."

"ஏன் தாத்தா, ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் சாப்பாடு போடுறீங்களா?" என்று கேட்டேன். தாத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா. அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஜாக்கெட்டைப் பிரித்து வைத்தேன். அவர் வாங்க வரவேயில்லை. சில மாதங்களில் மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது. வயிற்றில் புண் என்று ஊருக்குச் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம்.

கொஞ்ச நாள் கழித்து நானா என் கடைக்கு வந்து அந்த ஜாக்கெட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பிரித்த பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே நின்றார்.

"தங்கச்சி, அவளுக்கு வயித்துல ஒண்டும் இல்ல. மார்புல. எனக்கிட்டயும் கடைசியிலதான் சொன்னா. சொன்ன பொறகு நானும் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

மிஷின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் ஏன் இறுகியது என்று அப்போதுதான் விளங்கியது. சிரித்துக்கொண்டே வந்தவர், சிரித்துக்கொண்டே போனவர், அந்தச் சிரிப்புக்குக் கீழே எதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்!

சங்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நான் சொல்வேன். கிளினிக்குக்குப் போன நாட்களில் பார்த்த ஒன்றை நானாவின் மனைவி கடைசியில் அவரிடம் சொல்லிச் சொல்லி அழுவாராம். விடிந்ததும் ஆஸ்பத்திரியில் வரிசை பிடிக்க வேண்டுமென்று தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் முதல் நாளே பஸ் ஏறி வந்து, பஸ் நிலைய பெஞ்சில் சேலையைப் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடப்பார்கள். "அவங்களுக்கு ஒரு பாய் போட எடமில்லையா இந்த டவுன்ல?" என்று கேட்பாராம். நானாவின் துணி மூட்டைகள் கிடந்த அறை என் கடைக்குப் பின்னால்தான் இருந்தது. மூட்டைகளை அகற்றிவிட்டு அங்கே பாய்களும் பிறகு கட்டில்களும் போட்டோம். கோயில் பெண்கள் சங்கத்திலிருந்து நான் சிலரைச் சேர்த்தேன். பள்ளிவாசல் பக்கமிருந்து அவர் சிலரைச் சேர்த்தார். துணி ஏற்றும் அவருடைய வேன் ஆள் ஏற்றும் வேன் ஆயிற்று. அவ்வளவுதான் எங்கள் ஆரம்பம்.

முதலில் நாங்கள் எதையும் மறைக்கவில்லை. புத்துநோய் என்றே சொன்னோம். தோட்டத்துப் பேச்சில் புற்றுக்குப் புத்து என்றுதான் பெயர், பாம்புப் புற்றுக்கும் அதே பெயர்தான். இது எங்களுக்கு உறைக்கவேயில்லை. ஹாலிஎலப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் ஒருமுறை வந்து எங்களிடம் தங்கி, ஆஸ்பத்திரியில் காட்டி, புத்து என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை. அதற்கடுத்ததுக்கும் வரவில்லை. தேடிக்கொண்டு போனோம். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த புற்றடியில் அவர் வெள்ளிக்கிழமைதோறும் பாலும் முட்டையும் வைத்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் யாரோ புற்றை இடித்திருக்கிறார்கள், அதுதான் உடம்பில் புத்தாக வந்திருக்கிறது என்று கோயில் பூசாரி சொல்லியிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் பூசாரியைப் பிடித்துக் கத்தினேன். அந்த மனிதர் பயந்துபோய்விட்டார். ஆனால் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி.

"டாக்டரய்யாவே புத்துன்னு சொல்லிட்டாராமேம்மா. புத்துக்குப் பால் ஊத்தாம வேற என்னத்த ஊத்துறது?"

கத்திக்கொண்டிருந்த என் வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணை வேனில் ஏற்றி வந்தோம். நோய் முற்றிப் போயிருந்தது.

அதற்குப் பிறகு நானா அந்தச் சொல்லை எடுக்கவே கூடாது என்றுவிட்டார். கேன்சர் என்றாலோ அதைவிட மோசம். மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் நோயாளியின் காதுபடவே அடக்கம் செய்யும் இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அந்த வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் கொஸ்லந்தைக்காரி வந்து சேர்ந்தாள். கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள். நெஞ்சில் கட்டி என்று தெரிந்தபோது அவள் தன் உயிரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"டைலரம்மா, எம்மகள ஒரு எடத்துல குடுக்கிற வரைக்கும் இது வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா அவள யாரும் கட்டமாட்டாங்க. நீங்க அத மட்டும் பாத்துக்குங்க. மிச்சத்த சாமி பாத்துக்குவாரு."

"சாமிக்கு வேற வேலை இல்லையா? கிளினிக்குக்கு ஒழுங்கா வா," என்றேன். ஆனால் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அப்போது அவளிடம் போன் இல்லை. லயத்துக் கடைக்காரரின் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். ஒருநாள் ஆஸ்பத்திரியில் தேதியை மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல நானா அந்த நம்பருக்கு எடுத்தார். யார் பேசுறது, அந்தப் பிள்ளைக்கு என்ன விஷயம், பதுளையில் அதற்கு என்ன வேலை என்று கடைக்காரர் துருவித் துருவிக் கேட்டார். நானாவுக்கு வியர்த்துவிட்டது. எதிரே நான் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். என்னையே பார்த்தபடி சொன்னார்:

"தையல் வகுப்புக்கு. தையல் வகுப்பு நாள் மாறிட்டுது எண்டு சொல்லுங்கோ."

போனை வைத்ததும் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. இவ்வளவு சுலபமான வழி இத்தனை நாள் தோன்றவில்லையே என்று ஆச்சரியப்பட்டோம். அன்றிலிருந்து எல்லாருக்கும் தையல்தான். "தையலுக்கு வண்டி வருது", "தையல் முடிஞ்சு நாளைக்கு வர்றேன்" என்று ஊவா மாகாணம் முழுக்கப் பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். மொனராகலையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண்கூட எங்களிடம் தமிழில் கற்றுக்கொண்ட முதல் சொல் அதுதான். ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்த்து "தையல் பிரிச்சாச்சா?" என்று கேட்டால் அதுவும் பொருந்தி வந்தது.

பொய்க்குக் கால் இல்லையென்பார்கள். எங்கள் பொய்க்கு நாங்கள் காலும் வைத்தோம். லயத்துப் பெண்கள் கொஸ்லந்தைக்காரியை விடவில்லை. "தையல் பழகுறியே, என்னா தச்ச? காட்டு பாப்போம்," என்றார்களாம். நான் தைத்த தலையணை உறையைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "அடுத்தவ தச்சதக் காட்டிப் பேர் வாங்க எனக்கு வெக்கமா இருக்கு. எனக்குச் சொல்லிக் குடுங்க," என்றாள். சொல்லிக் கொடுத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குக் கை சரியாகத் தூக்க வரவில்லை. துணைக்கு வந்த மகள்தான் மிஷினில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கை அப்படி வளைந்து கொடுத்தது. பாவாடை, ஜாக்கெட், பள்ளிக்கூடச் சட்டை என்று எதைக் கொடுத்தாலும் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கும் பழைய மிஷின் ஒன்று போயிற்று.

மருந்து ஏற்றத் தொடங்கி முடி கொட்டியதும், கதிர்காமத்துக்கு நேர்ந்து இறக்கினேன் என்று கொஸ்லந்தைக்காரி சொல்லிவிட்டாள். கொழுந்து பறிக்கிறவர்கள் தலையில் துணி கட்டித்தான் இருப்பார்கள், யாருக்கும் சந்தேகமில்லை. அவள் தேறி வந்தாள். இன்னும் சில முறை மருந்து ஏற்றினால் போதும் என்றார்கள். அந்த நேரத்தில்தான் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை வீடு ஹாலிஎலப் பக்கத் தோட்டம். பையன் பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை. பெண்ணைப் பார்த்து அவனுக்குப் பிடித்திருந்தது, இவளுக்கும் பிடித்திருந்தது. பெரியவர்கள் வந்து பேசுவதுதான் பாக்கி. டவுனிலிருந்து மதிப்பான ஆள் ஒன்று நம் பக்கம் இருக்கட்டும் என்று கொஸ்லந்தைக்காரி என்னையும் வரச் சொன்னாள். மதிப்பான ஆள் என்று என்னைச் சொன்ன முதல் மனுஷி அவள்தான். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். நானா வேனில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, லயத்துக்குக் கீழே வண்டியோடு நின்றுகொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். அந்த அம்மா நல்ல நிறமான சேலை கட்டி, முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். பேச்சு நன்றாகப் போயிற்று. பையன் நல்லவன், பெண் நல்லவள், கோயில் எது, யாருக்கு யார் உறவு என்று வழக்கமான பேச்சு. தேத்தண்ணி வந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"பொண்ணுக்கு என்னா தெரியும்?"

கொஸ்லந்தைக்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள்.

"தையல் நல்லாத் தெரியுங்க. பதுளைக்குப் போயிப் பழகினா. இந்தா, டைலரம்மாகிட்டத்தான்."

அந்த அறையில் என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரியவில்லை. மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தையலா? பதுளையிலயா?"

"ஆமாங்க."

"யாருக்குத் தையல்? ஒங்களுக்கா, ஒங்க மகளுக்கா?"

கொஸ்லந்தைக்காரி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. மாமாதான் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க. தையலுக்குப் போறதுன்னா என்னான்னு எங்க தோட்டத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும். சொல்லாம மறைச்சீங்களே, அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். தேத்தண்ணி அப்படியே ஆடை படிந்து கிடந்தது. அறை மூலையில் இருந்த மிஷினைப் பார்த்தபடி மகள் நின்றாள். பிறகு ஒரு பழைய சேலையை எடுத்து அதன்மேல் போட்டு மூடினாள். நானாக இருந்திருந்தால் அதைத் தூக்கி வாசலில் எறிந்திருப்பேன்.

வேனில் திரும்பும்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. கொஞ்ச காலமாகவே என் கடைக்கு ஆள் குறைந்திருந்தது. ரெடிமேட் வந்ததால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுத்த ஒரு பெண், "நான் இங்க வந்தத யார்கிட்டயும் சொல்லிறாதீங்க," என்று கெஞ்சியிருந்தாள். ஏதோ வீட்டுச் சண்டையாக இருக்கும் என்று எண்ணினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருக்க, ஊர் பூசணிக்காயை விட்டுவிட்டுச் சோற்றைக் கண்டு பயப்படத் தொடங்கியிருந்தது. புத்து என்ற சொல்லைப் போலவே தையல் என்ற சொல்லையும் கெடுத்துவிட்டிருந்தோம். தையல் மட்டுமே தெரிந்த, உடம்பில் ஒரு குறையும் இல்லாத பெண்ணுக்கு அதனால் கல்யாணம் நின்றுபோயிற்று.

"இனி வேற சொல்லு ஒண்டு பாக்கணும்," என்றார் நானா, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

"பாருங்க. அதையும் கெடுப்போம்," என்றேன்.

கொஸ்லந்தைக்காரி அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை. மகளிடம் போன் இருந்தது, எடுத்துப் பேசினேன். "அம்மா இனிமே தையலுக்கு வரமாட்டாங்களாம்," என்றாள். பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று பலரிடம் பார்த்தாயிற்று. யாருக்காக அவள் அந்த வலியையெல்லாம் மறைத்துக்கொண்டு வந்தாளோ, அந்தக் காரணமே போய்விட்டது. இனி அவள் எதற்கு வரப்போகிறாள்?

ஆஸ்பத்திரியில் கெஞ்சி இன்னொரு நாள் வாங்கினேன். விடியுமுன் நானாவும் நானும் புறப்பட்டோம். பண்டாரவளை, ஹப்புத்தளை என்று பனிக்குள்ளே போய், தோட்டத்தை அடைந்தபோது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. காலையில் எல்லாரும் கூடி நின்று யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக்கொள்ளும் இடம் அது. அவளும் தலைத்துணியோடு கூடையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். எங்கள் வேனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கங்காணி வேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. விளையாட்டாகத்தான் கேட்டார்.

"என்னா தாயி, தையலுக்கு வண்டி வந்து நிக்குது. போகலயா?"

யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரியும் என்பது அந்தத் தலைகுனிவிலேயே தெரிந்தது. எல்லாருக்கும், எப்போதோ, தெரிந்துதான் இருந்திருக்கிறது. மறைத்துவிட்டதாக நினைத்தவர்கள் அவளும் நாங்களும் மட்டும்தான்.

அவள் கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். தலைத்துணியையும் அவிழ்த்தாள். அப்போதுதான் முளைக்கத் தொடங்கிய முடியோடு அவள் தலையை எல்லாரும் பார்த்தார்கள்.

"தையல் இல்லங்க கங்காணி. எனக்குப் புத்துநோய். ஒரு மார எடுத்துட்டாங்க. கதிர்காமத்துக்கும் போகல, ஒண்ணும் போகல, மருந்துல கொட்டுன முடிதான் இது. தையல் தெரிஞ்சவ எம்மக. அவளுக்குத்தான் தையல், எனக்குத்தான் புத்துநோய். ரெண்டையும் இனிமே யாரும் போட்டுக் கொழப்பாதீங்க."

பிறகு வேன் பக்கம் நடந்து வந்தாள். இத்தனை வருஷம் நாங்கள் காதோடு காதாகக்கூடச் சொல்லப் பயந்த சொல்லை, ஒரு தோட்டமே கேட்கச் சொல்லிவிட்டு, செருப்பில் ஒட்டிய சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். நானா கண்ணைத் துடைத்தார். கங்காணி வேன்வரை ஓடிவந்தார். நாள் முழுக்க வேலை செய்தால்தான் அன்றைய சம்பளக் கணக்கில் பேர் விழும். அவர் சொன்னார்: "அரைப் பேராவது போடப் பாக்குறேன் தாயி. போயிட்டு வா."

அவள் விட்ட மருந்தையும் சேர்த்து முழுவதும் முடித்தாள். அந்த வாரத்திலேயே பலகை எழுதுவோம் என்று நான் நானாவிடம் பிடிவாதமாக நின்றேன். அவர் தயங்கினார். தன் மனைவிக்கே வயிற்றுப் புண் என்று சொன்னவர் அவர்; வாசலில் அந்தச் சொல்லை எழுதினால் மனைவியின் பெயரையே எழுதினதுபோல் இருக்கும் என்றார். "பெருநாள் முடியட்டும்," என்றார். "மழை முடியட்டும்," என்றார். தள்ளிக்கொண்டே போனோம். கொஸ்லந்தைக்காரி தோட்ட வேலையை விட்டுவிட்டு எங்கள் அறையிலேயே சமையலுக்கு வந்தாள். மகள் என்னோடு மிஷினில் உட்கார்ந்தாள்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடியிருக்கும். நல்ல மழைநாள். ஒரு அம்மா குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார். பையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் பிரிச்சு விடுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போன அதே முகம், பாதியாக வற்றிப் போயிருந்தது. பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். பின் அறையிலிருந்து அவள் அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

யாரும் கத்தவில்லை. கொஸ்லந்தைக்காரிதான் கிட்டே வந்தாள். ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்து, மடித்து, அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"இது பிரிச்சு விட்டாச் சரியாகாதுங்க. எவ்வளவு நாளா இருக்கு?"

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

"ஒங்க வீட்டுக்கு வந்தேனே, அன்னிக்கே இருந்துச்சு. சின்னதா. தையலுக்கு எங்க போகணும், யாரக் கேக்கணும்னு அப்பவே விசாரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க பதுளைத் தையல்னதும் எனக்கு ஒடம்பே நடுங்கிப்போச்சு. எங்க வீட்டுலயும் ஒங்க வீட்டுலயும் ரெண்டு எடத்துலயுமா, எம்புள்ள என்னா செய்வான்னு பயந்து வாயில வந்தத கேட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் வரல? இவ்வளவு நாள்?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதைவிடக் கத்தினேன்.

"அப்படிக் கேட்டுட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒங்க வாசல்ல வந்து நிப்பேன்?"

ஒரு வருஷம். அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு வெட்கப்பட்டு ஒரு வருஷம் அதைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். எனக்கு எழுந்து போய் எங்காவது முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கொஸ்லந்தைக்காரி அடுப்பை அணைத்துவிட்டு, குடையை எடுத்து, அவர் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனாள்.

காலம் கடந்துவிட்டது என்றார்கள். செய்யக்கூடியதைச் செய்தார்கள். அவர் எங்கள் கட்டிலில்தான் அதிகமும் இருந்தார். கஞ்சி ஊட்டியது கொஸ்லந்தைக்காரி. கை தூக்க முடியாதவர்கள் போட்டுக்கொள்ளும்படி முன்பக்கம் திறக்கிற சட்டைகள் தைத்துக் கொடுத்தது அவள் மகள். பையன் அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் மிஷின் பக்கம் பார்த்து நிற்பான். "அந்தச் சம்பந்தத்தத் திரும்ப எடுப்போமா?" என்று ஒருநாள் அந்த அம்மாவே கேட்டார். "ஒங்களுக்கு எத்தன சட்டை வேணும்னாலும் தச்சுத் தர்றேன். அந்தப் பேச்சு வேணாம்," என்றாள் பெண், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே. எனக்கு அவள் சொன்னது சரியென்றே பட்டது. மழைக்காலம் முடிவதற்குள் அந்த அம்மா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்த மறுநாள், நான் ஒன்றும் சொல்லாமலே, நானா பலகை எழுதுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எழுத்து எந்த அளவில் வேண்டும் என்று அந்த ஆள் கேட்டார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு வாசிக்க ஏலணும்," என்றார் நானா. "வெக்கப்பட்டுக்கொண்டு உள்ளுக்கு வர ஏலாதவங்க அங்கதான் நிப்பாங்க."

பலகையை மாட்டி முடித்ததும், சரியாக இருக்கிறதா என்று பார்க்க கொஸ்லந்தைக்காரியை ரோட்டைக் கடந்து போகச் சொன்னோம். பஸ்கள் விலகும்வரை காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அந்தச் சொல்லை அங்கிருந்தே சத்தமாக வாசித்தாள்.

"தெரியுதுங்க மொதலாளி! நல்லாத் தெரியுது!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.